மேல் வீட்டுச் சத்தம்

நானூறாம் நம்பர் பாலிஷ் பேடை மெஷினில் மாட்டுவதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு இரைத்தது. கல் முன்னறையின் குறுக்கே இரண்டு மரத் தாங்கிகளின் மேல் கிடந்தது. ஏழடி நீளம், இரண்டடி அகலம், சுத்த வெள்ளை. யாருடைய சமையலறைக்கோ போகவேண்டிய மேடைக்கல். அது உள்ளே வந்துவிட்டால் சுவரோரமாக ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம் இருக்கும். பள்ளிக்கூடம் கிளம்பும்போது மகள் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போவாள்.

பட்டறையில் அளவுக்கு அறுத்துக் காலையில் வண்டியில் அனுப்பிவிடுவார்கள். விளிம்பு வேலை மட்டும் இங்கே. வரும்போது அது கையைக் கிழிக்கிற கூரோடு வரும். முதலில் கரடான சக்கரத்தை வைத்து அரைவட்டமாக உருட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஐம்பது, நூறு, இருநூறு, நானூறு என்று பேடுகள் ஏறிக்கொண்டே போய் மூவாயிரத்தில் முடியும். ஒவ்வொரு பேடும் அதற்கு முந்தியது போட்ட கீறலை அழிக்கும். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால் அப்போது ஒன்றும் தெரியாது. கடைசியில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது பல்லை இளிக்கும். மறுபடி ஐம்பதிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எட்டு வருடத்தில் அவள் ஒரு நம்பரையும் தாண்டியதில்லை.

முன்பெல்லாம் நின்ற நிலையில் ஒரு விளிம்பை முடித்துவிடுவாள். இப்போது ஒவ்வொரு பேடுக்கும் ஒரு தடவை, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்து, மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எட்டு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாள். இன்று புது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜன்னல்கள் இரண்டும் சாத்தியிருந்தன. இடுக்குகளில் பழைய துணியும் திணித்திருந்தது. அது கீழ் வீட்டு அம்மாளின் புண்ணியம். அந்த அம்மாள் தனி ஆள், பொட்டலம் கட்டும் ஆலையில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும். படுக்கைக்கு நேர்மேலே மெஷின் ஓடினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தக் கோபத்தை அவள் மாடிப்படியில் நின்று கொட்டினால் தெருக்கோடிவரை கேட்கும். அதனால் இவர்கள் வீட்டுக்குள் அவளுக்கு மைக்செட் என்று பெயர். குடிவந்த புதிதில் கல்லில் தண்ணீர் ஊற்றித்தான் இழைத்தார்கள். தண்ணீர் இருந்தால் தூசி பறக்காது, சேறாக வழிந்துவிடும். அந்தச் சேற்றுத் தண்ணீர் தளத்தில் இறங்கி மைக்செட்டின் கூரையில் பெரிய கறையாக நின்றது. வீட்டு ஓனர் வந்து தண்ணீரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் தூசி கிளம்பிக் கீழே காயும் துணிகளில் படிந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தியாயிற்று. நாலு வருடம் ஆகிறது.

"இது குடியிருக்கற வீடு, பட்டறை இல்ல. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று ஓனர் அன்றே சொல்லிவிட்டார். பட்டறை சூப்பர்வைசரும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார். அதனால் யார் கேட்டாலும் அவளுக்குப் பதில் தயாராக இருந்தது: "நான் சும்மாதான் வீட்ல இருக்கேன்." ரேஷன் அட்டைக்குக் கேட்டவர்களிடமும் அதைத்தான் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடமும் அதைத்தான் சொன்னாள். முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அதே பதில் வாயிலிருந்து வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி ஏறி டாக்டர் அறைக்குள் நுழைந்தவள் நாற்காலிவரை போக முடியாமல், கைகழுவும் தொட்டி பதித்திருந்த கல்மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"மாத்திரை ஒரு நாள்கூட விடலையேம்மா?"

"விடல டாக்டர்."

"சளியில கிருமியும் இல்ல. அப்புறம் ஏன் இது கூடிக்கிட்டே போகுது?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

கல்லைத் தொட்டால் அவளுடைய கட்டைவிரல் தானாகவே அடிப்பக்கம் போய்விடும். மேலே மின்னுவது எவனுக்கும் தெரியும். வேலையின் நாணயம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. விரல் ஓடியது. மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கடுகளவு ஒரு மேடு தட்டுப்பட்டது. அந்த இடத்தில் கல் தெறித்திருந்ததும், பசையோடு கல்தூளைக் குழைத்து அடைத்ததும், காயும்வரை விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது. போன வருடம் ஆஸ்பத்திரிப் புதுக் கட்டடத்துக்கு என்று பதினோரு கல் வந்தது. மூன்று வாரம் இழைத்தாள்.

"இது நம்ம வீட்டுக் கல்லு," என்றாள், வாய்தவறி.

டாக்டர் திரும்பினார். "என்னது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"வீட்டுக் கல்லுன்னா? உங்க வீட்ல கல் வேலை செய்றாங்களா?"

அவள் கட்டைவிரலை மேட்டிலிருந்து எடுக்கவில்லை. பிறகு சொன்னாள். ஐம்பதாம் நம்பரிலிருந்து சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசவில்லை. தண்ணீர், ஜன்னல் என்று வந்த இடத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க அட்டையில தொழில்ங்கற எடத்துல, வீட்ல இருக்காங்கன்னு எழுதியிருக்கு."

"வீட்லதான் டாக்டர் இருந்தேன்."

டாக்டர் மறுபடி விளக்குப் பெட்டிப் பக்கம் திரும்பினார். படத்தில் நுரையீரல் இரண்டிலும் பொரி பொரியாக வெள்ளை. "இது காசநோய் இல்லம்மா. கல்தூசி. அதுலயும் இந்த வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லு ரொம்ப மோசம். உள்ள போனது வெளிய வராது. இனிமே போகாம பாத்துக்கலாம், அவ்வளவுதான். மெஷினை இன்னையோட நிறுத்துங்க. வீட்ல வேற யாரு?"

"வீட்டுக்காரரும் பொண்ணும்."

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, படம் எடுக்கணும்."

கீழ்த்தளத்தில் தொழில்நோய்ப் பிரிவு என்று ஒன்று இருப்பதாக டாக்டர் சொன்னார். அதில் பதிந்துவிட்டால் மருந்தும், வீட்டுக்குக் கொண்டுபோக மூச்சு மெஷினும், சாகும்வரை வைத்தியமும் உண்டு. பதியாவிட்டால் வெளியில் வாங்க வேண்டும். அந்த மெஷின் இவர்கள் சக்திக்கு எட்டாது. பதிவதற்கு ஒரே ஒரு தாள் தேவை. இத்தனை வருடம் கல்வேலை செய்தாள் என்று வேலை கொடுத்தவர்கள் எழுதி, முத்திரை குத்தித் தர வேண்டும்.

"அது ஒரு லெட்டர்தானே, குடுத்துடுவாங்க," என்றாள் அவள். அப்போது அவள் அதை நம்பினாள்.

சாயங்காலம் கணவன் வந்தான். அவனுக்குக் கல் பதிக்கிற வேலை; வீடு வீடாகப் போய் மேடை கட்டி அதன்மேல் கல்லை ஒட்டிவிட்டு வருவான். காலில் சிமென்ட் காய்ந்திருந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றான். உள்ளே வந்ததும் முதல் காரியமாக மெஷினின் ஒயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிச் சுருட்டினான். சுருட்டி முடித்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"நான்தானே ஒவ்வொரு கல்லா கொண்டாந்து குடுத்தேன்," என்றான்.

"நீங்களா கொண்டாந்தீங்க, வண்டிதானே கொண்டாந்துச்சு," என்றாள் அவள். அவன் சிரிக்கவில்லை. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தன்னைவிட.

மறுநாள் காலை இருவரும் பட்டறைக்குப் போனார்கள். எட்டு வருடத்தில் அவள் அந்தப் பட்டறையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உயரமான கூரை. பெரிய ரம்பத்தின் மேல் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தரையெல்லாம் வெள்ளைச் சேறு வாய்க்காலில் இறங்கி ஓடியது. ஆட்கள் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ரப்பர் முகமூடி போட்டிருந்தார்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றாடி சுற்றியது. அவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூப்பர்வைசர் நோட்டைப் பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "எல்லாத்துலயும் உன் பேர்தான்ப்பா இருக்கு. உனக்கு லெட்டர் வேணும்னா சொல்லு, யோசிக்கலாம். இவங்க யாரு இதுல?"

"விளிம்பு எல்லாம் இவ போட்டது சார்."

"எது?"

"எல்லாமே. நான் காலையில பதிக்கப் போயிடுவேன் சார். கல்லுக்கிட்ட நின்னது இவதான்."

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்தார். "எட்டு வருஷமா நான் உன்னப் பாத்து, கண்ணாடிக் கைடா உனக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். போன வருஷம் முதலாளி முன்னாடி உன் தோள்ல தட்டுனேன். அப்பல்லாம் உனக்கு வாய் இல்லையா?"

கணவன் தரையைப் பார்த்தான். அது உண்மை. தட்டியபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லவும் செய்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

"தப்புதான் சார். இப்ப சொல்றேன்."

"இப்ப சொல்லி? இவங்க செஞ்சாங்கன்னு நான் எழுதினா, வீட்டுக்கு ஏன் கல் அனுப்புனேன்னு சர்க்கார் அதிகாரி கேப்பான். தண்ணி இல்லாம ஏன் இழைச்சாங்கன்னு கேப்பான். முதலாளி என் சீட்டைக் கிழிச்சுடுவாரு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குப்பா." அவர் குரலில் கோபம் இல்லை. நோட்டை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். "கல்லுல உங்க பேர் எழுதியிருக்காம்மா?"

"எழுதல சார்," என்றாள்.

மத்தியானமே வண்டி வந்து, நானூறில் நின்றுபோன கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தாங்கிகள் இரண்டும் சுமை இல்லாமல் நின்றன. அறை இவ்வளவு பெரியதா என்று மகளுக்கே ஆச்சரியம். நடுவில் நின்று கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மா இடுக்குத் துணிகளைப் பிடுங்கி எறிந்து, இரண்டு ஜன்னல்களையும் திறந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மைக்செட். தூக்கம் கெட்ட கண், கலைந்த தலை.

"என்ன ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்?"

"அதுக்கும் சண்டையாக்கா?"

"இல்லம்மா, பழகித் தொலைச்சிடுச்சு. சத்தம் இல்லன்னா தூக்கம் வரமாட்டேங்குது. ஊருக்குப் போயிட்டீங்களோன்னு பாத்தேன்." பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள், காலியாக நின்ற தாங்கிகளைக் கண்டு நிறுத்தினாள். "வேலை போயிடுச்சா?"

நாலு வருடத்தில் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. இன்று உள்ளே வந்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். இவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது மூன்று இடத்தில் மூச்சுக்காக நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மைக்செட் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"நீ மெஷின் ஓட்டினதுக்கு அத்தாட்சி இல்லையாமா?" என்று கடைசியில் குரலை உயர்த்தினாள். பழைய குரல் வந்துவிட்டது. "என்னைக் கேக்கச் சொல்லு! ஒரு நாள் விடாம எழுதி வெச்சிருக்கேன்."

கீழே ஓடி ஒரு தடித்த நோட்டோடு வந்தாள். வீட்டு ஓனர் கண்டுகொள்ளாவிட்டால் நகராட்சிக்குப் போவதற்காக, நாலு வருடமும் மேல் வீட்டுச் சத்தத்தைத் தேதி போட்டு, மணி போட்டு எழுதி வைத்திருந்தாள். எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு வருகைப் பதிவு இருக்காது. கண்ணாடி இல்லாமல் நோட்டைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"எட்டு பத்துக்கு ஆரம்பம். பன்னெண்டு நாப்பதுக்கு நிறுத்தம். மறுபடி ரெண்டு மணி. மேல் வீட்டுப் பெண் ஓட்டுகிறாள். புருஷன் வீட்டில் இல்லை... பாத்தியா, எழுதியிருக்கேன் பாரு. இன்னொண்ணு. ஞாயிறு. ஞாயித்துக்கிழமைகூட விடலைடி நீ. காலை ஏழு அஞ்சு. இது உனக்குக் காய்ச்சல் வந்த நாள், ரெண்டு மணி நேரந்தான் சத்தம்."

இவள் நகர்ந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். தன்னை இத்தனை நாள் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது திட்டுவாங்கியபோதெல்லாம் தோன்றாத விஷயம்.

மைக்செட் முன்பக்கத்துக்குப் புரட்டினாள். "குடிவந்த மாசம். கூரையில் ஈரம். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஓனரிடம் சொன்னேன். நிறுத்திவிட்டார்கள்." அடுத்த பக்கம். "துணியெல்லாம் தூசி. ஜன்னலைச் சாத்த..."

அதோடு நின்றுவிட்டாள். நோட்டு மடியில் இறங்கியது. திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். தரையில் கிடந்த துணிகளைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதேம்மா," என்றாள். அது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"உங்க மேல என்னக்கா தப்பு? நீங்களும் தூங்கணும்ல."

மைக்செட் அழுதாள். அழுகையைத் துடைத்துக்கொண்டு, அந்த இரண்டு பக்கங்களையும் கிழிக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்று இவள் சொன்னாள். நாலு வருடம் முழுசாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்த மைக்செட் தூங்கவே இல்லை. முதலில் படம். கணவனுக்கு ஓரத்தில் லேசாக ஏதோ தெரிந்தது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மகளின் படம் சுத்தமாக இருந்தது. அதைக் கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்து, மகளின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு அழுதாள். கதவு சாத்தி, மகளை உள்ளறையிலேயே படிக்க வைத்தது வீண்போகவில்லை. நோட்டை டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தாமும் ஒரு கடிதம் எழுதி அதோடு வைத்துக் கொடுத்தார். "என்னால முடிஞ்சது இதுதான். கீழ பதிவு பண்றவர் ஒத்துக்கணும்," என்றார்.

தொழில்நோய்ப் பிரிவின் பதிவு மேடை நீளமானது. பதினாலு அடி, இரண்டு கல்லாகச் சேர்த்தது. இணைப்பு எங்கே என்று அவளுக்கு மட்டும் தெரியும். அந்தக் கல்லுக்கு அளவு சொல்லும்போது, பதிவு மேடை என்று கணவன் சொன்னது ஞாபகம் இருந்தது. நாள் முழுக்கக் கை வைத்து எழுதுகிற இடம் என்று, கேட்டதைவிட ஒரு சுற்றுக் கூடுதலாக உருட்டி, அடிப்பக்கம்வரை மூவாயிரத்தை ஓட்டியிருந்தாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை.

குமாஸ்தா பொறுமையான மனிதர். நோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். "இது சத்தத்துக்கான புகாரும்மா. வேலைக்கான சான்று இல்ல."

"சத்தம் எங்கேர்ந்து வந்துச்சு? இவ வேலை செஞ்சதாலதானே வந்துச்சு!" மைக்செட்டின் குரலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "நாலு வருஷம், சார்! மணி போட்டு எழுதியிருக்கேன்!"

"நீங்க எழுதியிருக்கீங்க. பட்டறை எழுதலையே. முத்திரை வேணும்மா, நான் என்ன பண்ணட்டும்?"

"டாக்டர் எழுதியிருக்காங்களே சார்," என்றான் கணவன்.

"வியாதின்னு எழுதியிருக்காங்க. எங்க வந்துச்சுன்னு அவங்க எழுத முடியாது." நோட்டையும் கடிதத்தையும் அடுக்கி, மூலை தட்டி, அவள் பக்கம் தள்ளி வைத்தார். "பொதுப் பிரிவுல பதிஞ்சு விடறேன். வைத்தியம் உண்டு. மூச்சு மெஷின் மட்டும் இங்க கிடைக்காது. முத்திரை கொண்டாந்தா அப்ப மாத்திக்கலாம்." புது அட்டை ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "வயசு?"

"முப்பத்தெட்டு."

"தொழில்?"

பழைய பதில் இந்த முறை அவள் வாயில் வரவில்லை. மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்: "கல்லு விளிம்பு இழைக்கிறது."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு, அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினார்.

எழுதுவதற்காக முழங்கையை மேடையின் விளிம்பில் ஊன்றியிருந்தார். அட்டையை அவளிடம் நீட்டக் கையைத் தூக்கியபோது அவள் பார்த்தாள். காலையிலிருந்து அங்கேயே ஊன்றியிருந்த கை. தோலில் ஒரு கோடுகூட விழுந்திருக்கவில்லை.